உயிர் ஏற்றிய வீடு

மாடு வாங்கப் போகிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பான். இந்தக் காலத்தில் வீடு வாங்க வருகிறவர்கள் ஒன்றையும் பார்ப்பதில்லை. சுவரைத் தட்டுவதில்லை, கூரையை அண்ணாந்து பார்ப்பதில்லை, கிணற்றில் ஒரு வாளி மொண்டு தண்ணீரை வாயில் விட்டுப் பார்ப்பதில்லை. சன்னலைத் திறக்கிறார்கள், ஏரி தெரிகிறது, ஆகா என்கிறார்கள், போனை நீட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான், வீடு விற்றுப்போய்விட்டது. பூட்டிக்கொண்டு போகிறவர்கள் அடுத்த பனிக்குத்தான் எட்டிப் பார்ப்பார்கள். சிலபேர் அதற்கும் வருவதில்லை.

கிழவருக்கு இதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். அவருக்குப் பற்றிக்கொண்டு வராத விஷயம் என்று ஊரில் எதுவும் இல்லாததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆயுசெல்லாம் லாரி ஓட்டியவர். யார் எதைச் சொன்னாலும் முதலில் கால் போவது பிரேக்குக்குத்தான். டாக்டர் மாத்திரை எழுதினால் பிரேக். ரேடியோவில் மழை வரும் என்றால் பிரேக். மகள் கல்யாணத்துக்கு எல்லாம் பேசி முடித்த பிறகும், மாப்பிள்ளை வேலை பார்க்கிற கம்பெனிக்கே பஸ் ஏறிப் போய், "இந்த ஆள் நிஜமாவே இங்கதான் வேலை பாக்குறானா?" என்று வாசல் காவல்காரனிடம் விசாரித்துவிட்டு வந்தவர். அதனால் முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் பிரேக் தாத்தா. முகத்துக்கு நேரே அண்ணே, பெரியவரே.

ஏரிக்கரைத் தெருவில் கடைசிக்கு முந்தைய வீடு அவருடையது. ஒற்றை அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் விறகுக் கொட்டகை. மற்ற வீடுகள் எல்லாம் கைமாறி, பூட்டுத் தொங்கின. அந்தத் தெருவில் நின்று இருமினால் எதிர்ச்சுவர் திருப்பி இருமும்.

பனிக்காலத்தில் மட்டும் சனிக்கிழமைதோறும் நகரத்திலிருந்து சுற்றுலா பஸ் வரும். ஏரியின் ஓரம் கண்ணாடித் தகடு போல உறைந்திருப்பதையும், புல்லெல்லாம் உப்பு பூத்த மாதிரி வெளுத்து நிற்பதையும் பார்க்க, குல்லாயும் கையுறையுமாக ஒரு கூட்டம் இறங்கும். வாயைத் திறந்து ஊதி, புகை வருகிறதா என்று பார்த்துச் சிரிக்கும். "சம்பளம் வாங்கிக்கிட்டு நான் நடுங்கினேன். இவங்க சம்பளத்தைக் குடுத்து நடுங்க வராங்க" என்பார் கிழவர்.

பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் வீட்டுத் தரகரின் அறை. கண்ணாடிக் கதவு முழுக்க வீடுகளின் படங்களை ஒட்டி வைத்திருப்பார். ஏரியைப் பார்த்துச் சொக்கிப்போன கூட்டம் சூடு ஆறுவதற்குள் அதை அப்படியே தெருவுக்குள் ஓட்டிக்கொண்டு வருவது அவர் சாமர்த்தியம்.

போன பனிக்காலத்தில் கிழவர் விறகுக் கொட்டகையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. கத்திப் பார்த்தார். கேட்க ஆள் இருந்தால்தானே? பால்காரம்மா வந்து பார்க்கிற வரைக்கும் விறகோடு விறகாகக் கிடந்தார். விஷயம் தெரிந்து நகரத்திலிருந்து ஓடி வந்த மகள் அழுது தீர்த்தாள்.

"இனிமே உங்களைத் தனியா விட மாட்டேன்பா."

"அங்க வந்து அந்தப் புறாக்கூண்டுல என்னால உக்கார முடியாது."

"நானும் கூப்பிடல. ஒரே கூரைக்குக் கீழ நீங்களும் அவரும் ஒரு வாரம் தாங்க மாட்டீங்க. நடுவுல ஒரு சுவர் வேணும். பக்கத்து வீடு சும்மாதானே கிடக்கு?"

பக்கத்து வீடு என்றால் தெருவின் கடைசி வீடு. இரண்டு அறை, சன்னலுக்கு நேரே ஏரி, பின்னால் சின்னத் தோட்டம். உடையவர்கள் எங்கோ தூரத்தில். பல காலமாக விற்காமல் கிடந்ததால் விலையும் இறங்கியிருந்தது. மகள் தையல் வேலையை எங்கே இருந்தும் செய்யலாம். மாப்பிள்ளையும் இப்போது வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறார். ஆனால் அவர் ஒரு கொக்கி போட்டார். "ஆளே இல்லாத தெருவுல சின்னக் குழந்தையை வெச்சுக்கிட்டு எப்படி மாமா? ஒரு சனிக்கிழமை வந்து பார்த்துட்டுச் சொல்றேன்."

"எனக்கென்ன, வந்தா வாங்க, வராட்டிப் போங்க" என்றார் கிழவர். ஆனால் அன்றிலிருந்து தன் வாசலைக் கூட்டும்போது விளக்குமாறு அடுத்த வீட்டு வாசல் வரைக்கும் போய்வந்தது.

பனி தொடங்கியதும் தரகரிடம் போனார்.

"சீசன் முடியிற வரைக்கும் உங்க பொண்ணு பதிலுக்குக் காத்திருக்கேன்ணே" என்றார் தரகர். "ஆனா பஸ்ஸு கூட்டத்துக்கு வீட்டைக் காட்டாம இருக்க முடியாது. உடையவங்க என்னைக் கேப்பாங்க. நீங்களே சாவியை வெச்சுக்குங்க. சனிக்கிழமை காலையில உசுர் ஏத்திக் குடுங்க."

"வீட்டுக்கு என்னய்யா உசுரு?"

"குளிர்ந்து கிடக்கிற வீட்டை எவனும் வாங்க மாட்டான்ணே. செத்த கோழியை யாராவது விலை கேப்பாங்களா?" தரகர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு துணி மூட்டையை இழுத்தார். ஓர் ஆணின் சட்டை, பெண்ணின் சால்வை, சின்னப் பிள்ளையின் சப்பாத்து, இரண்டு கண்ணாடி டம்ளர், பழைய செய்தித்தாள். "அடுப்பை மூட்டுங்க, புகைபோக்கியில புகை வரணும். சட்டையை நனைச்சுக் கொடியில போடுங்க. சால்வை ஆணியில. டீயை ஊத்தி ஒரு டம்ளர் பாதி, ஒரு டம்ளர் முக்கால்னு மேசை மேல வைங்க. நாற்காலியை லேசா இழுத்து விடுங்க, இப்பத்தான் எழுந்து போன மாதிரி. வரவங்களுக்கு நாமளும் இங்க இப்படி இருக்கலாமேன்னு தோணும்."

"அப்ப ஏமாத்து வேலை."

"அவங்க பாக்க ஆசைப்படுறதைக் காட்டுறோம்ணே."

"அதுக்குப் பேருதான் ஏமாத்து."

"சரி, ஏமாத்துன்னே வைங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் மறக்கக் கூடாது. காலையில ஏத்தினதை சாயங்காலம் இறக்கிடணும். அடுப்பை அணைச்சு, டம்ளரைக் கழுவி, நாற்காலியை உள்ள தள்ளி, எல்லாத்தையும் மூட்டைக்குள்ள போட்டுடணும்."

"எதுக்கு?"

"எங்க சித்தப்பா கத்துக் குடுத்த தொழில் இது. எதுக்குன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல."

காரணம் இல்லாத வேலையைக் கிழவர் நம்பியதே இல்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

தரகரின் சாமான்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. சால்வையில் கடை மடிப்பு கலையவில்லை. சப்பாத்தின் அடியில் ஒரு துளி மண் இல்லை. ஏமாற்றுவதென்றாலும் ஒழுங்காக ஏமாற்ற வேண்டாமா? தன் பெட்டியைத் திறந்து, மகள் விட்டுப்போன பழுப்புச் சால்வையை எடுத்தார். ஓரம் கிழிந்த இடத்தில் அவளே நீல நூலால் தைத்தது. பேத்திக்குச் சிறிதாகிப்போன சப்பாத்து ஒரு சோடி கிடந்தது, அதையும் எடுத்தார். சால்வையை ஆணியில் மாட்டிவிட்டு ஓர் எட்டுப் பின்னால் வந்து நின்று பார்த்தார். அவருக்கே, சமையல்கட்டிலிருந்து மகள் இப்போது வந்துவிடுவாள் போல இருந்தது. சட்டென்று வெளியே வந்துவிட்டார்.

உள்ளே அப்படி உயிர் ஏற்றிவிட்டு, வெளியே வாசற்படலைப் பிடித்துக்கொண்டு நின்று வருகிறவர்களிடம் உயிரை எடுத்தார். "கிணத்துத் தண்ணி உப்பு." "கூரை ஒழுகும், வாளி எத்தனை இருக்கு உங்ககிட்ட?" "எலி இருக்கு. பூனையையே தூக்கிக்கிட்டுப் போகும்." தரகர் தலையில் அடித்துக்கொள்வார். "அண்ணே, நீங்க எந்தப் பக்கம்ணே?" என்பார்.

"என் பொண்ணு பக்கம்."

மகளோ இந்த வாரம் வருகிறேன் என்பாள், வரமாட்டாள். பேத்திக்குக் காய்ச்சல். தையல் அவசரம். மாப்பிள்ளைக்கு வேலை. எந்த வாரம் வருவார்கள் என்று தெரியாமல், ஏற்றி இறக்கி, இறக்கி ஏற்றி, யார் முட்டி தாங்கும்? கிழவர் இறக்குவதை விட்டுவிட்டார். சட்டை கொடியிலேயே கிடக்கட்டும், சால்வை ஆணியிலேயே தொங்கட்டும். யார் கண்டது, சொல்லாமல் கொள்ளாமல் நடுவாரத்தில் வந்து நின்றாலும் மாப்பிள்ளை கண்ணுக்கு வீடு தயாராக இருக்க வேண்டும். சரக்கு ஏற்றிய வண்டியை நாள்கணக்கில் அப்படியே நிறுத்தினால் அடியில் பாரம் தாங்குகிற வில்பட்டை உட்கார்ந்துபோகும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. எத்தனை கிளீனர்களை அதற்காகத் திட்டியிருப்பார். வீடு லாரி இல்லையே என்று விட்டுவிட்டார்.

முதலில் டீ.

ஒருநாள் அடுப்புச் சாம்பலை அள்ளலாம் என்று போனால், அவர் மேசை மேல் வைத்த டம்ளர்கள் இரண்டும் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. தரகன் வேவு பார்க்க ஆள் அனுப்புகிறான் என்று முடிவு கட்டிக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனார்.

"என் மேல நம்பிக்கை இல்லேன்னா சாவியை வாங்கிக்க. பின்னாடியே ஆளை அனுப்பாத."

"யாருண்ணே அனுப்பினா? எனக்கு இருக்கிற ஒரே ஆளு நான்தான்." தரகர் அவர் முகத்தைப் பார்த்தார். "சாயங்காலம் இறக்கிடுறீங்கல்ல?"

"இறக்காம?" என்றார் கிழவர். திரும்பி வரும்போது தன் பழைய லாரிப் பூட்டைக் கொண்டுவந்து கடைசி வீட்டுக் கதவில் தொங்கவிட்டார். யானை உதைத்தாலும் திறக்காது.

வண்டியை யாரிடமாவது கொடுத்தால் டயரிலும் தரையிலும் சேர்த்து ஒரு சுண்ணக்கட்டிக் கோடு போட்டுவைப்பது அவர் வழக்கம். வண்டி அசைந்ததா இல்லையா என்று கோடு காட்டிக்கொடுத்துவிடும். அதே போல டம்ளரைச் சுற்றி ஒரு வட்டம், நாற்காலிக் காலைச் சுற்றி ஒரு வட்டம், சப்பாத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். சுண்ணக்கட்டியை மறந்து சன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

மறுபடி போனபோது பூட்டு அப்படியே தொங்கியது. உள்ளே ஒரு வட்டமும் இல்லை. தரையை யாரோ ஈரத்துணியால் பாங்காகத் துடைத்திருந்தார்கள். சப்பாத்து பின்வாசல் பக்கம் கிடந்தது. அடியில் தோட்டத்து மண், இன்னும் ஈரம் காயாமல். சுவரில், ஒரு குழந்தையின் கைக்கு எட்டுகிற உயரத்தில், சுண்ணக்கட்டியால் கோணல் மாணலாக ஒரு லாரி வரைந்திருந்தது. ஓட்டுநர் இடத்தில் ஒரு தலை. தலைக்கு இரண்டு புருவம், நடுவில் இழுத்துக் கோபமாக.

பஸ்ஸில் வந்த பிள்ளைகள் கிறுக்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். போன சனிக்கிழமை மூடுபனி. பஸ்ஸே வரவில்லை. அதுவும் அவருக்குத் தெரியும். எங்கேயோ ஓட்டைப் பிரித்துக்கொண்டு எவனோ குடும்பத்தோடு உள்ளே இறங்கிக் குடியிருக்கிறான், வாடகை இல்லாத வீடு என்றால் வௌவால்கூட வரும், என்று கூரை முழுக்கத் தடவிப் பார்த்தார். ஓடு ஒன்றும் பிசகவில்லை.

பிறகு ஒரு காலை, தன் வீட்டுக் கதவைத் திறந்தால் வாசலில் விறகு. அவர் அடுப்புக்கு வேண்டிய நீளத்தில் பிளந்து, சுள்ளி தனியாக, கட்டை தனியாக அடுக்கி வைத்திருந்தது. தரகன் கையூட்டு என்று அதைத் தொடாமல் இரண்டு நாள் போட்டு வைத்தார். அப்புறம் குளிர் தாங்காமல் எரித்தார். தீர்ந்த மறுநாள் மறுபடியும் அடுக்கியிருந்தது.

பால்காரம்மா வந்தாள். "பெரியவரே, பக்கத்து வீட்டுல அரை லிட்டர் கேட்டாங்க. வெச்சுட்டு வந்துட்டேன்."

"எந்தப் பக்கத்து வீடு?"

"உங்களுக்கு எத்தனை பக்கம் இருக்கு? கடைசி வீடுதான்."

"அங்க யாரும் இல்லம்மா. சாவி என் இடுப்புல இருக்கு."

"நல்லா இருக்கே கதை! அப்ப நான் யார்கிட்ட பேசினேன்? சால்வையைப் போத்திக்கிட்டு வந்து நின்னு, குளிருக்கு வாங்க, ஒரு வாய் டீ குடிங்கன்னாங்க. மகராசி. உங்களை மாதிரி பாலுக்குள்ள விரலை விட்டுப் பாக்கல."

பஸ் கூட்டமும் இப்போதெல்லாம் கடைசி வீட்டுக்கு வருவதில்லை. படல் வரைக்கும் வருவார்கள், கொடியைப் பார்ப்பார்கள், புகைபோக்கியைப் பார்ப்பார்கள், "ஆள் இருக்காங்க போல" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு திரும்பிவிடுவார்கள். கிழவருக்கு வாயை வீணாக்கும் வேலை மிச்சம். முதலில் அது நல்லதுக்குத்தான் என்று பட்டது. கொடியில் கிடந்த சட்டை அவர் போட்ட சட்டை இல்லை என்பதைப் பிறகுதான் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை மகள் போன் செய்தாள். நாளைக்கு நிச்சயம் வருகிறோம், மூன்று பேரும், சுற்றுலா பஸ்ஸிலேயே.

கிழவர் போனை வைத்தார். பிறகு காலி மூட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மகள் வரும்போது வீடு வெறும் வீடாக இருக்கட்டும். எல்லாவற்றையும் இறக்கிவிடுவோம். மாப்பிள்ளை முகம் சுளித்தால் சுளிக்கட்டும், பேசிக்கொள்ளலாம்.

நல்ல பகல். வெயில்கூட லேசாக எட்டிப் பார்த்தது. பூட்டைத் திறந்து உள்ளே போனார். அடுப்பு அவர் மூட்டாமலே கனன்றது. ஆணியில் சால்வை இல்லை. கொடியில் சட்டை இல்லை. சப்பாத்து இல்லை. இறக்குவதற்கு என்று ஒன்றுமே இல்லை. அவர் வைக்காததெல்லாம் இருந்தது. சீப்பில் இரண்டு நீள முடி. சன்னலோரம் பாதி தைத்த குழந்தைப் பாவாடை, ஊசி குத்தினபடி. நீல நூல். பாயில் போட்டிருந்த போர்வையைத் தொட்டார். இப்போதுதான் யாரோ எழுந்த சூடு.

உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. அந்தப் பக்கம் சத்தம் இல்லை. சும்மா இருக்கும் அறைக்கும், ஆட்கள் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும் அறைக்கும் வித்தியாசம் உண்டு. சோதனைச்சாவடிக்குப் பயந்து லாரிக்குள் ஆள் ஒளிந்து வந்த காலத்திலேயே அது அவருக்குப் பழக்கம்.

"யாருய்யா அது? வெளிய வா" என்றார்.

குரல் அதட்டலாக வரவில்லை. அழைக்காத வீட்டில் நுழைந்தவன் குரலாக வந்தது. அப்போதுதான் கால் சில்லிடுவதை உணர்ந்து கீழே பார்த்தார். வெறுங்கால். இத்தனை வாரமாக அந்த வீட்டுக்குள் செருப்போடு போய்வந்தவர், இன்று தன்னை அறியாமல் வாசலில் கழற்றிவிட்டு வந்திருக்கிறார், குடியிருக்கிறவர்கள் வீட்டுக்குள் போவது போல.

காலி மூட்டையோடு வெளியே வந்தார். கழற்றிவிட்ட செருப்பு, தெருவைப் பார்க்கத் திருப்பி, சேர்த்து வைக்கப்பட்டிருந்தது.

சனிக்கிழமை பஸ் வந்ததுகூடத் தெரியாமல் கிழவர் தரகரின் சட்டையைப் பிடிக்காத குறையாக அவர் அறையில் நின்றிருந்தார்.

"உண்மையைச் சொல்லு. எவனுக்குக் குடுத்த அந்த வீட்டை?"

"நான் கேக்க வேண்டியதை நீங்க கேக்குறீங்களேண்ணே! உங்க பொண்ணு சத்தமில்லாம குடி வந்துட்டாங்கன்னுல்ல நான் நினைச்சேன்? சன்னல்ல பார்த்தேன். சால்வை போத்திக்கிட்டு, பக்கத்துல பாப்பா. கையைக் கூடக் காட்டினாங்க."

"என் பொண்ணு இப்பத்தான்யா பஸ்ஸுல வரா!"

தரகரின் முகம் சாம்பல் பூத்தது. "அண்ணே," என்றார் மெதுவாக, "நீங்க இறக்கவே இல்லையா?"

கிழவர் வெளியே பாய்ந்தார். பஸ் எப்போதோ வந்து காலியாகிவிட்டிருந்தது. கூட்டம் ஏரிக்கரையில் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அதில் மகள் இல்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு தெருவுக்குள் ஓடினார்.

கடைசி வீட்டுக் கதவு திறந்து, மகள் சிரித்த முகமாக வெளியே வந்துகொண்டிருந்தாள். பின்னால் மாப்பிள்ளை, அவர் தோளில் பேத்தி. லாரிப் பூட்டு திறந்தபடி நாதாங்கியில் தொங்கியது. சாவி கிழவர் இடுப்பில் குத்தியது.

"எங்கப்பா போயிட்டீங்க? உங்க வீடு பூட்டியிருந்துச்சு, இவங்கதான் உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சாங்க."

"யாரு?"

"பக்கத்து வீட்டுக்காரங்கதான். வீடு போயிடுச்சுன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லக் கூடாதா? வருத்தம்தான், என்ன செய்ய? ஆனா எவ்வளவு நல்லவங்க! டீ போட்டுக் குடுத்தாங்க, அச்சு நம்ம வீட்டு டீ. இவளுக்குத்தான் கொண்டாட்டம், அந்தப் பாப்பா இவ வயசு."

"இங்க பாரும்மா, நான் சொல்றதைக் கேளு. அந்த வீட்டுல யாரும் இல்ல."

மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டார். "மாமா, இப்பத்தான் அந்த மனுஷன் கூட உக்காந்து பேசிட்டு வரேன். என்னை மாதிரியே கம்ப்யூட்டர் வேலைதான்."

"நீங்க சும்மா இருங்க மாப்ள. அந்த அம்மா என்ன சால்வை போட்டிருந்தா?"

"அதையேதான் நானும் சொல்ல வந்தேன்" என்றாள் மகள். "என் பழைய சால்வை மாதிரியே ஒண்ணு. ஓரத்துல நீல நூல் தையல் கூட."

"அது உன்னுதுதான். நான்தான் அங்க மாட்டி வெச்சேன்."

"சால்வையைத் திருடிட்டாங்கன்னு இவங்க மேலயும் ஆரம்பிச்சுட்டீங்களா?" மகளின் முகம் வாடியது. "அப்பா, நீங்க டாக்டரை நம்ப மாட்டீங்க. இவரை நம்ப மாட்டீங்க. பால்காரம்மா பால்ல விரலை விடுவீங்க. உங்களுக்குத் தினம் விறகு பிளந்து வாசல்ல அடுக்கி வைக்கிறவங்களைக் கூடவா நம்ப மாட்டீங்க? எனக்கு அதைக் கேட்டுக் கண்ணே கலங்கிப்போச்சு. போன வருஷம் நீங்க விழுந்தது வரைக்கும் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. 'நீங்க கவலையில்லாம போங்க, எங்கப்பாவை நாங்க பாத்துக்கிறோம்'ன்னாங்க. எங்கப்பான்னு சொன்னாங்கப்பா. யாரு அப்படிச் சொல்லுவா இந்தக் காலத்துல?"

கிழவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். "வா. எங்க, காட்டு. இப்பவே காட்டு."

கதவு சாத்தியிருந்தது. எப்போது சாத்தியது என்று தெரியவில்லை. தள்ளினார். உள்ளே தாழ் போட்டிருந்தது.

"பாப்பாவைத் தூங்க வைக்கிறாங்க, போட்டு இடிக்காதீங்க" என்று மகள் அவரை விலக்கினாள். ஏரியைப் பார்க்கக்கூடப் போகாமல் அவர் வீட்டில் வந்து உட்கார்ந்தாள். ரசமும் சோறும் ஆக்கிப் போட்டாள். கிழவர் அன்று சொல்லாததில்லை. டீ டம்ளரைச் சொன்னார், சுண்ணக்கட்டியைச் சொன்னார், வெறுங்காலைச் சொன்னார். சொல்லச் சொல்ல, மகளும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொல்வதை நிறுத்திவிட்டார். கடைசியாக ஒன்றுதான் கேட்டார். அவர் கேட்டுப் பழக்கமில்லாதது.

"இங்கயே எங்கிட்ட வந்து இருந்துடேன்மா. மாப்ளயோட நான் சண்டை போட மாட்டேன்."

மகள் அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "இந்த ஒத்த அறையில எங்கப்பா இருக்கிறது? எல்லாம் உங்க ஒருத்தருக்காகத்தானே வேற வீடு தேடினோம். இப்பப் பக்கத்துல ஆள் இருக்கு, எனக்குப் பயம் விட்டுடுச்சு. இவருக்கும் அங்க ஒரு வீடு கைக்கு வருது. அதையே முடிச்சுடலாம்ங்கிறாரு." அவர் கையைத் தட்டிக்கொடுத்து, "மாசம் ஒரு தடவை வருவேன்" என்றாள்.

மாசம் ஒரு தடவை என்றால் என்ன அர்த்தம் என்று பூட்டுத் தொங்கும் தெருவில் குடியிருக்கிறவருக்குத் தெரியாதா?

பஸ் புறப்படும் நேரத்தில் தரகர் தூரத்திலேயே நின்றுகொண்டார், கிட்டே வரவில்லை. பேத்தி சன்னலோர இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் ஏரிக்கரைத் தெரு கடைசி வரைக்கும் தெரியும்.

"தாத்தா, அங்க பாரு, அந்தப் பாப்பா!" என்று பேத்தி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கையை ஆட்டினாள்.

"ஆமாப்பா, எல்லாரும் சன்னல்ல நிக்கிறாங்க" என்றாள் மகள். "கை காட்டுறாங்க பாருங்க. நீங்களும் காட்டுங்க, மரியாதையா இருக்கும்."

கிழவர் திரும்பிப் பார்த்தார். புகைபோக்கியில் புகை. சன்னலில் திரை, பின்னால் விளக்கு வெளிச்சம். ஆள் யாரும் இல்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். யாரும் இல்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்துக் கையசைத்தார்கள், ஓட்டுநர்கூட. பஸ் வளைவில் திரும்பிக் கண்ணுக்கு மறைந்தது.

அவர் தெருவுக்குள் நடந்தார். கடைசி வீட்டுப் படலுக்கு எதிரே ஒரு நிமிடம் நின்றார். சன்னல் கண்ணாடியில் உள்பக்கம் குளிருக்கு நீராவி படிந்திருந்தது. நடுவில் ஓர் இடம் மட்டும் துடைத்திருந்தது. குழந்தையின் உள்ளங்கை அளவு. அதற்கு மேலே பெரிய கை ஒன்று.

"அடுப்பு எரிஞ்சா கண்ணாடி வேர்க்கத்தான் செய்யும்" என்றார் கிழவர், யாரிடம் என்றில்லாமல்.

அவர் வாசலில் புதிதாக விறகு அடுக்கியிருந்தது. அதன் மேல் துண்டால் மூடிய ஒரு டம்ளர், சூடு பறந்துகொண்டிருந்தது. இஞ்சி வாசனை. விறகைக் காலால் ஓரம் தள்ளினார். டம்ளரைத் தாண்டிக்கொண்டு, தன் விறகைத் தானே எடுத்துக்கொள்ள, சுவரைப் பிடித்தபடி பின்பக்கக் கொட்டகைக்கு நடந்தார்.

"அப்பா, வழுக்கும், பார்த்துப் போங்க" என்றது பின்னாலிருந்து மகளின் குரல்.

பஸ் போய் எவ்வளவு நேரமாகிறது. கிழவர் திரும்பவில்லை.

"எல்லாம் அந்தத் தரகன் வேலை" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.